அம்மன் மண் பெருகிய கதை

ரந்தாவ் பக்கத்து எஸ்டேட் கோயிலில் மண் வளர்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்ததுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனை மரங்களுக்கு நடுவே கார் நிறுத்த இடமில்லை. கோலா கிளாவாங்கிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். செனாவாங்கில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கத்தைத் தியாகம் செய்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் ஆளுக்கொரு தலைவலி வரும். மண் வளர்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

வளர்த்தவர் நல்லசாமி சித்தர். அண்மைக்காலம் வரை லோரி ஓட்டியவர். கனவில் அம்மன் தோன்றி, “ஸ்டியரிங்கை விடு, மண்ணை எடு” என்றாளாம். அம்மனுக்குச் சாலைப் பாதுகாப்பில் அவ்வளவு அக்கறை.

பித்தளைத் தாம்பாளத்தில் செங்கல் அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டியை வைப்பார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய போத்தலிலிருந்து தீர்த்தத்தை ஊற்றுவார். கண்ணை மூடி மந்திரம் முணுமுணுப்பார். கட்டி உப்பும், வெடிக்கும், தாம்பாளம் கொள்ளாமல் பொலபொலவென்று பெருகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

“மண்ணு வளர வளர ஒங்க நோவு தேயும்! ஆனா மாத்திரை மருந்து தொடக் கூடாது. பைப் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவா!”

கட்டிக்கும் காசு, தீர்த்தத்துக்கும் காசு. அம்மன் கோபித்துக்கொள்வாளே என்ற பயத்தில் ஒருவர்கூட வீட்டில் பைப்பைத் திறந்து பார்க்கவில்லை. சித்தரின் மூலதனமே அந்தப் பயம்தான்.

மோகனாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் வீட்டுப் பின்புறம் கத்தரியும் மிளகாயும் தொட்டியில் காய்த்துக் குலுங்குவது இந்த ‘அம்மன் மண்’ணில்தான். பாசார் சந்தையில் தேங்காய்ப்பால் பிழிந்து விற்கும் கடைக்காரர் தூக்கிப்போடும் மட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள். ஊறப்போட்டு, அடித்து, நாரை உரித்தெடுத்து, உதிரும் தூளைச் சலிப்பாள். சாயம் போகும்வரை அலசிக் காயவைத்தால் தொட்டிக்கு மண் தயார். மழைக்காலத்தில் மட்டை காயாது. அப்போது செனாவாங் நர்சரியில் அதே தூளை அமுக்கிச் செய்த கட்டி வாங்குவாள். தண்ணீர் ஊற்றினால் பெருகும். அவள் ஊற்றினாலும் பெருகும். அவள் இதுவரை எந்தக் கனவும் கண்டதில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. புருஷன் அர்ச்சுனன் சித்தரிடம் போய் விழுந்தான். இனிப்புநீர் என்னும் சர்க்கரை வியாதிக்காரன், காலில் ஆறாத புண். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, பெருகிய மண்ணைப் புண்ணில் அப்பித் துணி சுற்றிக்கொண்டான்.

“ஏங்க, இது தேங்கா மட்டைத் தூளுங்க. நம்ம கத்தரிச் செடிக்குப் போடறோமே, அதேதான்!”

“அது செடி மண்ணு. இது அம்மா மண்ணு. ஒனக்கு பக்தி பத்தாது மோகனா.”

“புண்ணுலேர்ந்து பழுப்புத் தண்ணி வடியுது பாருங்க.”

“நோவு வெளிய போகுதுன்னு சாமி சொன்னாருலா!”

வெளியே போனது மட்டையின் சாயம். அதோடு சீழும் போனது. சில நாளில் அந்தக் காலில் நாற்றம் கிளம்பியது. மோகனாவுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. கெஞ்சினாள், அழுதாள், சண்டை போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம் அது.

வீட்டில் இருந்த தீர்த்தப் போத்தல் ஒன்றைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனனோடு கோயிலுக்குப் போனதும் காலிப் போத்தலை நிரப்பிக்கொண்டு, கும்பிட்ட கையோடு சித்தர் முன்னால் நின்றாள்.

“சாமி, நான் ஊத்தினா மண்ணு வளரவே மாட்டேங்குது. என் போத்தலு, என் கட்டி. நீங்களே மந்திரம் சொல்லி ஊத்துங்க சாமி.”

சித்தருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஊற்றினார், முணுமுணுத்தார். மண் பெருகியது.

“பார்த்தியா! அம்மா வந்துட்டா!”

முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு விமலாக்கா பாய்ந்து மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பெரியவர் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டார்.

மோகனா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “சாமி, நான் ரொப்பிட்டு வந்தது கோயில் கக்கூஸ் பைப் தண்ணி.”

பெரியவர் துப்பினார். விமலாக்கா முந்தானையால் நெற்றியைத் தேய்த்த தேய்ப்பில் குங்குமமும் சேர்ந்து போயிற்று.

சித்தர் லேசுப்பட்டவரா? கையைத் தூக்கினார். “என் மந்திரம் பட்டா சாக்கடையும் கங்கைதான்!”

கூட்டத்தில் பாதி தலையாட்டியது. பணம் கொடுத்து வாங்கிய நம்பிக்கையை யாரும் சும்மா விட்டுவிடுவதில்லை.

“அப்ப மந்திரம் இல்லாமப் பார்ப்போம்லா,” என்ற மோகனா கூடையிலிருந்து நர்சரிக் கட்டி ஒன்றை எடுத்தாள். உறையில் தக்காளிப் படம் பளபளத்தது. உறையைக் கிழித்துக் கட்டியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, கோயில் தலைவர் மகேந்திரனைக் கூப்பிட்டாள்.

“தலைவரே, ஒங்களுக்கு மந்திரம் தெரியுமா?”

“எனக்குத் தேவாரமே ரெண்டாவது வரி வராதும்மா.”

“ரொம்ப நல்லது. அன்னதான மேசையில தே ஓ இருக்கு பாருங்க. ஜக்கோட எடுத்து ஊத்துங்க.”

ஊற்றினார். பால் கலக்காத தேநீரின் சூடு பட்டதும் கட்டி சித்தருடையதைவிட வேகமாக உப்பி, தாம்பாளம் தாண்டித் தரையில் கொட்டியது. அதே நிறம், அதே மண்.

“அட, தலைவரும் சித்தராயிட்டாருடா!” என்று பின்னால் யாரோ கத்த, கோயிலே சிரித்தது.

சித்தருக்கு அப்போதுதான் அவசர வேலை ஞாபகம் வந்தது. காரை நோக்கி நடையைக் கட்டினார். இளைஞர்கள் முந்திப் போய் டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கட்டிகள். உரித்து மாளவில்லை போலும், பாதிக்கு மேல் தக்காளிப் படத்தோடு இருந்தன. அம்மன் கனவில் நர்சரி விலாசத்தையும் கொடுத்திருப்பாள்.

அர்ச்சுனன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மோகனா அவன் முன்னால் வந்து நின்றாள்.

“இதுல கத்தரிக்கா காய்க்குங்க. புண்ணு ஆறாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க.”

அவன் எழுந்தான்.

சுண்டு விரலைக் காப்பாற்ற முடியவில்லை. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னபோது, மோகனா அத்தனை நாள் அடக்கிய அழுகையை அங்கேயே அழுது தீர்த்தாள்.

பார்க்க வந்த விமலாக்கா ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“கோலா கிளாவாங் பக்கம் புதுசா ஒரு சாமியாம் தம்பி. முட்டையை உருட்டியே வியாதியை எடுக்கறாராம். இவரு உண்மையான சாமிலா. போய்ப் பாப்போமா?”

“போங்கக்கா. ஆனா முட்டையை ஒடைச்சுக் காட்டச் சொல்லுங்க, எப்படின்னு கேளுங்க,” என்றான் அர்ச்சுனன், கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே.

“ஐயையோ! கேள்வி கேட்டா அம்மா கோவிச்சுக்குவாளே!”

கேள்வி கேட்டதற்காக எந்த அம்மனும் இதுவரை யாரையும் கோபித்துக்கொண்டதில்லை, விமலாக்கா. கோபித்துக்கொண்டவர்கள் எல்லாரும் தீர்த்தம் விற்றவர்கள்தான்.