அப்பலூசாவுக்கு எடுத்த நாலு படம்

பயந்தவன் கையில் கெமராவைக் கொடுத்தாலும் கொடுக்கலாம், பென்சிலைக் கொடுக்கவே கூடாது. நான் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குதிரையின் குலத்தையே கெடுத்தவன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. பரு, தேமல், அம்மைத் தழும்பு எதுவானாலும் நெகட்டிவில் பென்சில் வைத்து மறைத்துவிடுவேன். அதற்கு 'டச்சிங்' என்று பெயர். (நேரில் வந்த மாப்பிள்ளையிடம், "படத்தில இருந்தவர் வரல்லயா?" என்று பெண்வீட்டார் கேட்டதும் உண்டு.)

நாவிதன்வெளிப் பக்கம் ஏராளமாக வயல் வைத்திருந்த ஒரு போடியார், தன் மகளுக்கு என்னைப் பேசியிருந்தார். முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் படம் எடுக்கக் கூப்பிட்டார். வாய்க்கால் வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்புகிறார், தன் குதிரையைப் போடியாருக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் அப்பலூசா என்ற அந்த இனத்துக்கென்றே ஒரு பதிவேடு உண்டாம். மறுநாள் இஞ்சினியர் கையெழுத்திட்டு எடுத்துப்போகும் விண்ணப்பத்துக்கு நாலு படம் வேண்டும்.

"பதிஞ்சாத்தான் மனே இது அப்பலூசா. இல்லாட்டி சும்மா புள்ளிக்குதிர" என்றார் போடியார்.

கொட்டிலுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. என் வாய் தானாக "சுப்ஹானல்லாஹ்" என்றது. வெள்ளை உடம்பு முழுக்க நாவற்பழம் நாவற்பழமாய்ப் புள்ளிகள். கழுத்தில் நெருக்கமாக, வயிற்றில் இடம்விட்டு, தொடையில் பெரிதாக. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. படைத்தவன் ஒரு புள்ளியைக்கூட அவசரத்தில் வைக்கவில்லை. அது நடந்தபோது புள்ளிகளும் கூடவே நடந்தன.

கிட்டப் போனேன். அது திரும்பிப் பார்த்தது. கருவிழியைச் சுற்றி, மனிதனுக்கு இருப்பது போல, வெள்ளை! மாட்டுக்கு அப்படி வெள்ளை தெரிந்தால் முட்டப்போகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விலங்கியல். ஓடினேன். நின்றபோது வைக்கோற்போரின் உச்சியில் இருந்தேன். குதிரை நின்ற இடத்திலேயே புல் தின்றுகொண்டிருந்தது.

போடியார் கீழே நின்று கண், மூக்கு, குளம்பு என்று எதையோ விளக்கினார். என் நெஞ்சு அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. "ஓம் போடியார், ஓம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு இறங்கி நாலு பக்கமும் எடுத்தேன்.

படங்கள் அருமையாக விழுந்திருந்தன. உடம்புப் புள்ளிகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூக்கைச் சுற்றித் தேமல் மாதிரிப் பொட்டுப் பொட்டாக இருந்தது. பாவம், ஏதோ தோல்வருத்தம். மாமனாராக வரப்போகிறவரின் குதிரையல்லவா! பென்சிலை எடுத்தேன். கண்ணின் வெள்ளைக்கு அச்சிட்ட படத்தில் மை வைத்தேன். குளம்பில் இருந்த கோடுகளையும் விடவில்லை.

மறுநாள் இஞ்சினியர் படத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ட குதிர எங்க தம்பி?" என்றார் போடியார்.

"இதுதான் போடியார். கொஞ்சம் வடிவாக்கியிருக்கன்."

"அடப்பாவி! அந்த மூக்கையும் கண்ணையும் குளம்பையும் பாத்துத்தான்டா அவங்க இனம் புடிக்கிறது! நேத்துத் தொண்ட கிழியச் சொன்னனே!"

"ஸ்பிரிட்டால துடைச்சாப் போயிரும் போடியார், இந்தா வாறன்!"

ஸ்டூடியோவுக்குச் சைக்கிளில் பறந்தேன். பதற்றத்தில் நெகட்டிவை அழுத்தித் தேய்த்தேன். பென்சில் போனது. கூடவே மூக்கும் போனது. இஞ்சினியரின் ஜீப், மூக்கில்லாத குதிரையோடு கொழும்புக்குப் புறப்பட்டது.

சில மாதங்களில், பதிய முடியாது என்று கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்தபடி போடியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணப் பேச்சும் இத்தோடு சரி என்று நான் அறைக்குள் ஒளிந்தேன். வாப்பாவிடம் அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

"உங்கட மகன்ட கண்ணில குறை பட்டா, மறைக்காம விடமாட்டான் போல. என்ட மகளுக்கு இப்பிடி ஒருத்தன்தான் சரி."

கலியாணத்துக்குப் படம் எடுக்க அக்கரைப்பற்றிலிருந்து வேறு ஆளைப் பிடித்திருந்தார்.

போன வருடம் என் பேரனுக்கு முதல் படம் எடுத்தேன். மருமகன் வாங்கி, மூக்கு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், இருக்கு மாமி" என்று உள்ளே குரல் கொடுத்தான். அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "நல்லாப் பாத்தீங்களா மகன்? ஸ்பிரிட் போத்தல் எங்க இருக்கு?"