காற்று அறுக்காத வலை

கல்லைப் பார்த்ததுமே அதற்குள் இருக்கும் சிலையைச் சொல்லிவிடுகிறவர்கள் மாமல்லபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் ஒருவர் போட்ட முடிச்சைப் பார்த்து, அவர் பெண்டாட்டியோடு எத்தனை நாளாகப் பேசவில்லை என்று சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் 'முடிச்சு' என்போம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். செங்கல்பட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கடலோரச் சவுக்குத் தோப்பில் இருந்த ஒரு கூடார முகாமுக்கு மேலாளராகப் போனேன். வருகிறவர்கள் கூடாரத்தில் தங்குவார்கள். களிமண் பிசைவார்கள், துணிக்குச் சாயம் போடுவார்கள், சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து சமைப்பார்கள். வலை பின்னக் கற்றுத்தர, பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தார் முடிச்சு.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பின்னிய துண்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. உள்ளங்கை அளவே இருந்தாலும், முன்னால் வந்தவர் பின்னியதோடு சேர்த்துக் கட்டிவிடுவார். மூன்று வருஷத்தில் அது நாலு சவுக்கு மரங்களுக்கு இடையே தொங்கும் பெரிய வலையாகிவிட்டது.

"நான் பண்ணதை நானே எடுத்துட்டுப் போகக்கூடாதா?" என்று ஒரு மென்பொருள்காரர் சண்டைக்கு வந்தார்.

"எட்துகினு போயி இன்னா பண்ணுவ அண்ணாத்த? கொசு புடிப்பியா? இங்க கெடந்தா நாலு பேரோட கெடக்கும்."

எந்தத் துண்டு யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். "இது அணுபுரத்து எஞ்சினியரு. கண்ணியெல்லாம் ஒரே அளவா கீது, மனுசன் வூட்ல சிரிக்கவே மாட்டாரு. இது அவரு சம்சாரம். பாரு, அவர வுட்டு எம்மாந் தள்ளி ஆரம்பிச்சிகீது!" பக்கத்தில் நின்றிருந்த எஞ்சினியர், ஊருக்குக் கிளம்பும் வரை வலுக்கட்டாயமாகச் சிரித்துக்கொண்டே திரிந்தார்.

ஒரு புதுமணத் தம்பதியின் கூடாரக் கயிறு சரியில்லை என்று, அவர்கள் உள்ளே இருக்கும்போதே அவிழ்த்தார். கூடாரம் அவர்கள் தலையில் விழுந்தது. "தப்பு முடிச்சும்மா. என்னிக்கி இருந்தாலும் வுழும்" என்று சமாதானம் வேறு.

இனி நான் செய்தது.

ஒருநாள் முதலாளியின் முக்கிய விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களுக்காகச் சொல்லி வைத்திருந்த பரிசுப்பொருள்கள் வந்து சேரவில்லை. முடிச்சு தன் மகளின் வளைகாப்புக்குத் திருக்கழுக்குன்றம் போயிருந்தார். நான் கத்தியை எடுத்தேன். வலையைச் சதுரம் சதுரமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, ஆளுக்கொன்று கொடுத்தேன். கைதட்டினார்கள். குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் முடிச்சு வந்து மரங்களைப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வலை தொங்கியது.

"காத்து, முடிச்சு. பெரிய காத்து" என்றேன்.

வெட்டுவாயை விரலால் தடவினார். "ஆமா சார், பெரிய காத்துதான். கட்டம் கட்டமா அறுத்துகினு போயிகீது."

அன்றிலிருந்து யாருக்கும் வலை பின்னச் சொல்லித்தரவில்லை. கூடாரக் கயிறுகளை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டு வாரம் கழித்து, முன்பு தங்கியிருந்த ஓர் அம்மாள் வந்தார். வெளிநாடு போய்விட்ட மகள் பின்னிய துண்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். வெறும் மரங்களைப் பார்த்து, "எங்கய்யா வலை?" என்றார்.

முடிச்சுதான் பதில் சொன்னார். "காத்துல பூட்ச்சிம்மா. சாரு அன்னிக்கு முழுக்கச் சாப்புடவே இல்ல."

வலையை வெட்டிய அன்றைய விருந்தில் நான் பிரியாணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

முப்பத்தைந்து வருஷம் மாணவர்களின் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். எனக்காக ஒருவர் பொய் சொல்லி, அதைப் பக்கத்தில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சனிக்கிழமை குப்பத்துக்குப் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து பழைய வலை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நான்தான் வெட்டினேன், முடிச்சு."

"தெரியும். அத சொல்லவா இந்த வெயில்ல வந்த? மயக்கம் போட்டு வுழுந்தா யாரு தூக்கறது? குந்து."

வலை ஊசியை என் கையில் திணித்தார். மூன்று மணி நேரத்தில், ஒரு வெற்றிலை அளவுக்குப் பின்னினேன். "பேஜாரான கை சார் உன்து" என்றார். பிறகு வீட்டுக்குள் போய், மரத்தில் மிஞ்சியிருந்து அவர் கழற்றிக்கொண்டு வந்திருந்த அந்த ஓரத்தை எடுத்து வந்து, என் துண்டை அதோடு சேர்த்துக் கட்டினார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் சொன்னார்: "செங்கல்பட்டுல பாத்து எறக்கி வுடு நைனா. நம்ம ஆளு."

எழுபத்து மூன்று வயதில், அந்த இரண்டு சொல்லைத் தாங்க முடியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.