மேஸ்திரி நலமாக இருக்கிறார்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவரும் தங்கள் சாயப்பட்டறையின் வாசல் மீன்தொட்டிப் பொறுப்பாளருமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். மீன்களும் சுகம். மாடியில் நீங்களும் சுகம் என்பதை ஏ.சி. ஓடும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். வீட்டில் நீ, பட்டறையில் நீங்கள் என்பது நீங்களே போட்ட விதி. இது பட்டறைச் சமாச்சாரம் என்பதால் நீங்கள் என்றே எழுதுகிறேன். படியேறி வந்து நேரில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் மேஜைக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நூலகத்தில் முப்பது வருடம் புத்தகம் அடுக்கி ஓய்வு பெற்று, வீட்டில் உங்கள் அக்காவின் காலில் இடறிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தீர்கள், அந்த நன்றியை மறக்கவில்லை. சாயக் கழிவைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வாசல் கண்ணாடித் தொட்டிக்கு வரும்படி அமைத்து, அதில் பன்னிரண்டு மீன்களை விட்டீர்கள். வருகிறவர்கள் மீனைப் பார்த்துத் தண்ணீரை நம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. என்னிடம் நீங்கள் சொன்னது ஒரே வரிதான்: "மீன் உயிரோட இருக்கணும் அத்தான், அவ்வளவுதான் உங்க வேலை." மாப்பிள்ளை, திங்கட்கிழமை விட்ட பன்னிரண்டும் புதன்கிழமை மல்லாந்துவிட்டன. கடைக்கு ஓடி வேறு பன்னிரண்டு வாங்கி விட்டேன், அவை வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. நூலகத்தில் என் பொறுப்பில் இருந்த எதுவும் அதுவரை செத்ததில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று உறுத்தியதில், குழாயின் வால்வை இறுக மூடிவிட்டு, தொட்டியைக் கழுவி, கேன்டீனில் இருந்து குடிக்கிற கேன் தண்ணீரைத் தூக்கி வந்து ஊற்றினேன். மூன்றாவது தடவை விட்ட பன்னிரண்டு மீன்களில் அன்று முதல் இன்றுவரை ஒன்றுகூடச் சாகவில்லை. அதிலும் தொப்பை வைத்த ஆரஞ்சு மீன் ஒன்று காலையில் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் நாள் முழுக்க மூலையில் சும்மா நிற்கும். அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இதில் தப்பு என்ன என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மாசுத் தடுப்பு அதிகாரி வந்தார், மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணாடியில் விரலால் தட்டினார், மேஸ்திரியும் மரியாதைக்கு வாலை ஆட்டியது. மீன்கள் ஆரோக்கியமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீங்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள், நான் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்தக் கையெழுத்தை வைத்து மறு வாரமே பின்பக்க மதகைத் திறந்து, அதுவரை லாரியில் போன பட்டறைத் தண்ணீரை எங்கள் தெருக்கோடிக் குளத்தில் விட ஆரம்பித்தார்கள்.

குளத்தின் கதையைக் கேளுங்கள். எதிர்வீட்டுத் தையல்காரரின் வெள்ளை நாய் தினமும் அதில் முங்கி எழும். போன மாதம் பச்சையாக வந்தது, அடுத்த வாரம் ஊதாவாக வந்தது, இப்போது பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்பதைத் தெருவே நாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. சிரித்தோம், மாப்பிள்ளை, முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் குளத்துக் குஞ்சு மீன்கள் கரையில் ஒதுங்கின. தவளைச் சத்தம் நின்றது. கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லாமல் கொசு பெருகி, தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார். வேலையற்றுப் போன மீன்கொத்தி ஒன்று எங்கள் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. போன வாரம் எங்கள் கிணற்றில் இருந்து வாளி இளஞ்சிவப்பாக மேலே வந்தது. உங்கள் அக்கா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க மீனெல்லாம் நல்லாத்தானே இருக்கு, நம்ம கெணத்துக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குளத்தைக் கொன்றது பாதி நான். மீனைக் காப்பாற்றுகிறேன் என்று மதகுக்குச் சாவி கொடுத்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் நாளைய விழா அறிவிப்பைப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு, அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் பார்க்க, வாசல் தொட்டியில் இருந்து ஒரு டம்ளர் மொண்டு நீங்களே குடித்துக் காட்டப்போகிறீர்களாம். அது முடிந்த கையோடு ஊரே குடிக்கிற ஏரிக்கும் மதகு திறக்க அனுமதியாம். மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், விழாவைத் தள்ளிப்போடுங்கள். ஏரியை விட்டுவிடுங்கள். முடியாது என்றால், உங்கள் உடம்பைப் பற்றியாவது கவலை வேண்டாம். என்ன இருந்தாலும் நான் வீட்டு மனிதன், பெண் எடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றைக் கெடுக்க மாட்டேன். இன்று காலைதான் எட்டுக் கேன் புதுத் தண்ணீர் நிரப்பி வைத்தேன். தைரியமாகக் குடியுங்கள். விழா முடிந்ததும் முழங்கால் வலியைக் காரணம் சொல்லி வேலையை விட்டுவிடுகிறேன், விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பும் குழந்தைகளுக்கு ஆசிகளும். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல ஜீரணத்தோடும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: இதை எழுதி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த உங்கள் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். மேஸ்திரியையும் மற்ற பதினொன்றையும் கேன் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றினாள், தொட்டியைக் காலி செய்தாள், வால்வைத் திறந்துவிட்டாள். காவலாளி தடுக்க வந்தார், முதலாளியின் அக்கா என்று தெரிந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். தொட்டி இப்போது உங்கள் சொந்தத் தண்ணீரால் நிரம்பியிருக்கிறது. "சின்ன வயசுல மருந்துகூடக் குடிக்க மாட்டான், நாளைக்கு இதக் குடிக்கிறானான்னு பாக்கறேன்," என்கிறாள். மீன் எங்கே என்று விருந்தினர்கள் கேட்டால் தெருப்பக்கக் கேட்டைக் காட்டச் சொன்னாள், காலை பத்து மணிக்கு வாளியோடு அங்கேதான் நிற்பாளாம். குடிக்கலாமா வேண்டாமா என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள், மாப்பிள்ளை. மீன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பன்னிரண்டும் உயிரோடு இருக்கின்றன.