சம்பந்தப்பட்ட உயர் தரப்பு

ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள பண்பாட்டு மையத்தில், கிறிஸ்தவம் ஜப்பானுக்குப் போன கதையைக் கண்காட்சியாக வைப்பதென்று முடிவாயிற்று. அக்கம்பக்கத்தில் தமிழர்கள் அதிகம். ஆகவே விளக்கப் பலகைகள் தமிழிலும் வேண்டும். அந்த வேலை தமயந்திக்கு வந்தது. அவளுக்கு ஆறு மாத ஒப்பந்தம். அது நீண்டால்தான் விசாவும் நீளும்.

மூன்றாவது பலகையில்தான் சிக்கல். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானில் இறங்கிய ஐரோப்பியப் பாதிரியார், கடவுளுக்கு அந்த ஊர்ச் சொல் என்ன என்று விசாரித்தார். கூட வந்த ஜப்பானியர் ‘தைனிச்சி’ என்றார். அது ஒரு புத்தரின் பெயர். பாதிரியார் வீதி வீதியாகத் தைனிச்சியை வணங்கச் சொன்னார். பிட்சுக்கள் நம்ம ஆள் என்று உபசரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், தைனிச்சியை வணங்காதீர்கள் என்று அதே வீதிகளில் சொல்லிக்கொண்டு போனார்.

தமயந்தி ‘கடவுள்’ என்று எழுதியிருந்தாள். பண்பாட்டு உணர்வுக் குழு கூடியது. மேலாளர் பாஸ்கரனைத் தவிர அதில் யாருக்கும் தமிழ் தெரியாது. பாரபட்சமின்றி முடிவெடுக்க அது உதவியது.

“கடவுள்னு போட்டா, நம்பாதவங்க மனசு புண்படுமாம்மா” என்றார் பாஸ்கரன்.

தேவன், சாமி, ஆண்டவர் எல்லாம் மதியத்துக்குள் நிராகரிக்கப்பட்டன.

“அந்தப் பாதிரியாரும் இப்படித்தான் சார் சொல்லுல மாட்டிக்கிட்டாரு.”

“பாவம், அவருக்குக் குழு இல்லையேம்மா.”

விசாவை நினைத்துத் தமயந்தி, குழு கடைசியாகத் தந்த சொல்லையே எழுதிக்கொண்டாள். ‘சம்பந்தப்பட்ட உயர் தரப்பிடம் ஜப்பானியர் தங்கள் குறைகளைச் சொல்லி மன்றாடலாம் எனப் பாதிரியார் அறிவித்தார்’ என்று பலகை ஏறியது.

திறந்த அன்றே பக்கத்து லின்ஃபீல்டிலிருந்து வந்த சுந்தரம் என்பவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்தத் தரப்பு எந்த மாடி என்று கவுண்டரில் கேட்டார். அவருடைய அம்மாவின் விசிட்டர் விசா பத்து மாதமாக நிற்கிறது. இது பழைய ஜப்பான் சமாச்சாரம் என்று தமயந்தி விளக்கினாள்.

“பரவாயில்லம்மா. இப்ப இருக்கறவங்க போனே எடுக்கறதில்ல” என்று சொல்லி, மனுவைப் பலகையடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் மனுக்கள் குவிந்தன. யாராவது வழுக்கி விழக்கூடும் என்று பாதுகாப்புக் குழு ஒரு பெட்டி வைத்துப் பூட்டியது. பெட்டியைச் சம்பந்தப்பட்ட உயர் தரப்பே திறக்க வேண்டும் என்று தீர்மானமாகி, சாவி அப்பெயரிட்ட உறையில் வைக்கப்பட்டது.

ஒப்பந்தம் என்னவாயிற்று என்று தமயந்தி கேட்டாள். மேலிடத்தில் இருப்பதாகப் பாஸ்கரன் சொன்னார். மேலிடம் யார் என்றாள். அவர் யோசித்தார். தன் பதவி உயர்வும் நான்கு வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் அவர் பெட்டியருகே நிற்பதைப் பார்த்தாள். அவர் நகரும்வரை மரியாதையாகக் காத்திருந்து, தன் கடிதத்தையும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதுதான் காரணம் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். காரணத்தை யாரும் காதில் வாங்கவில்லை. செய்தி நகரத்தின் தெற்கே தகனினி வரைக்கும் போனது.

சனிக்கிழமை, சும்மா சிரித்துவிட்டு வரலாம் என்று நானும் போனேன். முன்னால் பதினேழு பேர். பின்னால் நின்றவரிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.