அட்டை நாற்காலியும் அட்டை அப்பாவும்

இந்தத் தீபாவளிக்கு மசாஜ் நாற்காலி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். பிரமிளாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களைக் கணினியில் வரைவது என் வேலை. எதைக் கொடுத்தாலும் திரையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து முதுகு போய்விட்டது. முதுகுக்கு நாற்காலி வேண்டும். நாற்காலிக்கு இடம் வேண்டும். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டு ஹாலில், டி.வி.க்கு எதிரே, ஒரே ஒரு மூலைதான் காலி. அந்த மூலைமேல் பிரமிளாவுக்கும் ஒரு கண். கண்ணாடி அலமாரி வேண்டுமாம்.

"தீபாவளிக்கு வீடு நிறைய ஆளு வருவாங்க. பிங்கான் தட்டெல்லாம் குசினி ரேக்ல தூசி படிஞ்சு கெடக்குது. அந்த மூலை அலமாரிக்குத்தான்."

"என் முதுகு?"

"அதையும் அலமாரில வச்சிக்கலாம்லா."

இந்த நிலைமையில்தான் எங்கள் மகள் ரூபினி ஐந்தாம் ஆண்டுக் கணிதத் தாளோடு வந்து நின்றாள். முகமெல்லாம் அழுகை.

பிரமிளா தாளை என்னிடம் நீட்டினாள். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "இந்தப் படத்த மடிச்சா எந்தப் பெட்டி வரும்னு கேட்டிருக்காங்க. அத்தனையும் தப்பு. நான் நாளெல்லாம் ரெண்டாம் ஆண்டுப் பிள்ளைங்களோட கத்திட்டு வர்றேன். என் தொண்டையில ஒண்ணும் மிச்சமில்ல. இத நீங்க பாருங்க."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

"புத்தகமே வேணாம். நம்ம வீட்டையே அட்டையில செய்வோம். சாமான் எல்லாத்தையும் அளந்து, ஒரே கணக்குல சின்னதாக்கி, மடிச்சு ஒட்டுவோம். மூலையில எது பொருந்துதுன்னு அதுலயே பாத்துக்கலாம். நீ சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். கணக்கு சொல்லட்டும்."

"சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு உட்கார்ந்தோம். மைலோ பெட்டியை ஒட்டுப் பிரித்து மேசையில் விரித்தேன். "பாரும்மா, நின்னா பெட்டி, படுத்தா இந்தப் படம். அவ்வளவுதான்." ரூபினி தானாக ஒன்று வரைந்து வெட்டி மடித்தாள். அடிப்பக்கம் இல்லை. போட்ட ரப்பர் கீழே விழுந்தது.

"அப்பா, தரையில்லாத வீடு!" என்று சிரித்தாள். அழுத பிள்ளை சிரித்ததும் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஐஸ் பெட்டி, சோபா, சோறாக்கும் சட்டி என்று வரிசையாகச் செய்து தள்ளினாள். ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"கட்டிலை மடிக்கிறேன்பா. இப்பத் திருப்பறேன். ஆ... இந்தப் பக்கத்துல ஒரு சதுரம் குறையுது." கண்ணைத் திறந்து, குறைந்த சதுரத்தை வரைந்து வெட்டினாள். கட்டில் கச்சிதமாக நின்றது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதற்கு எனக்கு ஒரு கணினி வேண்டும், பெரிய திரை வேண்டும், இடையில் ஒரு டீ வேண்டும். இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே செய்கிறது! அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக நாற்காலியை விட்டுவிட முடியுமா? அதை மட்டும் நானே செய்தேன்.

"ஏன்பா நீங்க?"

"கஷ்டமான வடிவம்மா."

வடிவம் கஷ்டமில்லை. உண்மையான அளவுதான் கஷ்டம். அந்த அளவில் செய்தால், சாய்ந்து படுக்கும்போது நாற்காலி டி.வி.யை உதைக்கும். ஆகவே இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் வெட்டிவிட்டேன். மூலையில் அழகாக உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் பிரமிளா அளவு நாடாவோடு வந்தாள். இடுப்பை அளந்தாள். வயிற்றை அளந்தாள். உட்கார வைத்தும் அளந்தாள்.

"எதுக்கும்மா?"

"தீபாவளி வருதுல்ல. மூச்ச வெளிய விடுங்க. வயித்த எக்கினா அளவு தப்பாயிரும்."

புது ஜிப்பா! என் முதுகோடு சண்டை போட்டாலும் என் உடம்பை நினைத்துப் பார்க்கிறாளே! மனசு இளகிவிட்டது.

மறுநாள் அட்டை வீட்டைக் குனிந்து பார்த்தாள். "அட, நாற்காலி பொருந்துதே! ரூபினி, பக்கத்துல அலமாரியையும் வை."

வைத்தாள். அதுவும் பொருந்தியது. நான் வெட்டிய வெட்டில் அவ்வளவு இடம் மிச்சம்.

"கணக்கே சொல்லிருச்சு. ரெண்டையும் வாங்கிருவோம்" என்றாள் பிரமிளா. வெட்டியதை எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

சாமான் வந்த நாளில் அலமாரி காலையிலேயே வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டது. பிங்கான் எல்லாம் ஹாலுக்கு வந்தன. சமையல் குசினியிலிருந்த பழைய ரேக் வெளியே போனது. மத்தியானம் நாற்காலி வந்தது. கடை ஆட்கள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுக் குணாளன், நான், நாலு பேரும் தள்ளினோம். அலமாரிக்குப் பக்கத்தில் நுழையவில்லை.

"எப்படிங்க? அட்டையில பொருந்துச்சே!" என்றாள் பிரமிளா. "வர்ற வழியில வளந்திருச்சா?"

"வெயில்ல... கொஞ்சம் விரிஞ்சிருக்கும்."

"அண்ணே, இது நாற்காலியா, அப்பளமா?" என்றான் குணாளன்.

கடை ஆட்கள் திருப்பி எடுத்துப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு முதுகு அப்போதே வலிக்க ஆரம்பித்தது.

அப்போது ரூபினி கண்ணை மூடினாள். கை காற்றில் எதையோ சாய்த்தது, திருப்பியது.

"நேரா தூக்காதீங்க. இடது பக்கம் சாய்ச்சு, கால் பக்கத்த முதல்ல குசினிக் கதவுல விடுங்க. பாதி போனதும் சுவத்தப் பாத்துத் திருப்புங்க. ரேக் இருந்த எடத்துல சரியா ஒக்காரும்."

செய்தோம். பெரிய மிருகம் போல முரண்டு பிடித்த நாற்காலி சத்தமில்லாமல் கதவுக்குள் போனது. திரும்பியது. உட்கார்ந்தது. சாய்த்தும் பார்த்தோம், கால் பலகை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் போய் நின்றது. சுற்றிலும் ஒரு விரல் இடம். கடை ஆட்கள் என் மகளையே பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருண்ணே இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்றான் குணாளன்.

"நான்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

எல்லோரும் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். டி.வி. சத்தம் கேட்டது. படம் தெரியவில்லை. தெரிந்தது தொட்டிதான். பிரமிளா ஒரு தட்டு வெங்காயத்தை என் மடியில் வைத்தாள்.

"சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க. உரிங்க."

உரித்துக்கொண்டே கேட்டேன். "ரூபினி, ஒரு நொடியில எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"ஒரு நொடியா? எப்பவோ கண்டுபிடிச்சாச்சுப்பா. நீங்க செஞ்ச நாற்காலி சின்னது. அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேன். 'அப்பாகிட்ட சொல்லாத, கடைத் தாள்ல இருக்கற சரியான அளவுல ஒண்ணு செஞ்சு, வேற எங்க பொருந்தும்னு பாரு'ன்னு ஹோம்வொர்க் கொடுத்தாங்க."

"சின்னதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்ததுமே தோணுச்சுப்பா. இத வச்சுத்தான் சரிபாத்தோம்" என்று ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். அட்டையில் ஓர் ஆள். தோள், கழுத்து, தொப்பை, எல்லாம் நான்தான். அந்த அட்டை அப்பாவை, நான் செய்த நாற்காலியில் உட்கார வைத்தாள். இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு கால் இரண்டும் மேலே நின்றன.

"தொப்பையத்தான்பா மடிக்க முடியல. மூணு தடவ வெட்டினேன்."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தொழிற்சாலையில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. தொப்பையின் வளைவுகூட அப்படியே இருந்தது. அந்த ஆச்சரியத்தில்தான் ஒன்று உறைத்தது.

"என் அளவு உனக்கு ஏதும்மா?"

ரூபினி பிரமிளாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அப்போ என் தீபாவளி ஜிப்பா?"

"எந்த ஜிப்பா?" என்றாள் பிரமிளா.