ராயனுக்கு நான் காட்டிய முதுகு

பத்துப் பேர் சேர்ந்து கோபப்படக் கிளம்பினால், கடைசிவரை கோபமாக நிற்பவன் ஒருத்தன்தான் இருப்பான். மற்றவர்கள் பாதியிலேயே மனசு மாறி டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஊர் என்ன செய்யும்? வாக்குத் தவறிய ஒன்பது பேரை விட்டுவிட்டு, சொன்ன சொல்லில் நின்ற ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கும். இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது கேட்பார்கள் என்று நானும் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அதனால் நானே கேட்கிறேன். (அந்த ஒருத்தன் நான்தான்.)

பாம்பனில் எங்களுக்கு மீன்வலையை விட்டால் தெரிந்த இன்னொரு வலை, பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து வளையத்தில் தொங்குகிற வலை. மற்ற ஊர்களில் கிரிக்கெட் ஆடுவார்கள். இங்கே ஒருத்தன் தூக்கி அடித்தால் பந்து கடலுக்குப் போய்விடும், பந்து வாங்கியே கட்டுப்படியாகாது. அதனால் கூடைப்பந்து. சாயங்காலம் ஆனால் பாதி ஊர் அந்த சிமெண்ட் தளத்தைச் சுற்றித்தான் நிற்கும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற நானும் கடையை மனைவி ஜெயந்தியிடம் விட்டுவிட்டு அங்கேதான் நிற்பேன். நான் பந்தைக் கையால் தொட்டது கம்மி. வாயால் ஆடியது அதிகம்.

எங்கள் டீமுக்கு ஒரே ராஜா அந்தோணி ராயன். எந்த வீட்டு நிலைப்படியிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம். உயரம்கூட எவனுக்கும் வரும். ராயனுக்குக் காத்து தெரியும். கச்சான் காத்து கடலிலிருந்து அடிக்கும்போது வெளியூர் டீம்கள் வளையத்தைப் பார்த்து எறிவார்கள், பந்து பக்கத்து வேப்பமரத்துக்குப் போகும். ராயன் வேப்பமரத்தைப் பார்த்து எறிவான், பந்து வளையத்துக்குள் விழும். எதிர் டீம்காரர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். நாங்கள் என்னவோ நாங்களே அந்தக் காத்தை ஊதிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்துவோம்.

அவன் போகப்போகிறான் என்று ஒரு நாள் சிக்கந்தர் டீக்கடையில் சேதி வந்தது. போகட்டும். சென்னைக்குப் போகட்டும், டெல்லிக்குப் போகட்டும், சந்திரனுக்கே போகட்டும், நானே வழியனுப்ப வருவேன். எங்கே போகிறான்? ராமநாதபுரத்துக்கு! அங்கே ஒரு கம்பெனிக்காரர் புதிதாக டீம் கட்டுகிறாராம், வேலையும் கொடுத்து இவனையும் எடுத்துக்கொண்டாராம். எந்த ராமநாதபுரம்? வருஷா வருஷம் எங்களோடு மோதி, ஜெயித்தால் பஸ்ஸில் பாலம் தாண்டும் வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே போகிற அதே ராமநாதபுரம்!

வீட்டுக்குப் போய்க் கொதித்தேன். ஜெயந்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"துரோகம் ஜெயந்தி, பச்சைத் துரோகம்."

"அவன் அய்யா இடுப்பு போயி வீட்டோட கெடக்காரு. கடலுக்குப் போக முடியல. மகனுக்கு ஒரு வேலை கெடைச்சா போகாம என்ன செய்வான்?"

"வேலைன்னா உலகத்துல ராமநாதபுரம் ஒண்ணுதான் இருக்கா?"

"நீங்க குடுங்களேன், நம்ம ஜெராக்ஸ் கடையில. அவன் ஒசரத்துக்கு மேல ஃபேனாவது தொடைப்பான்."

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் இருக்கிறேன்.

ஊரே இரண்டாகப் பிரிந்தது. 'புள்ள பொழைக்கட்டும்' என்று ஒரு கூட்டம், 'வளர்த்த ஊரை விட்டுட்டானே' என்று ஒரு கூட்டம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. சிக்கந்தர் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தான். எந்தப் பக்கத்து ஆள் டீ குடிக்கிறானோ அந்தப் பக்கம். என்னைப் பார்த்தால், "மாப்ள, எனக்கு வயிறு எரியுது" என்பான். ராயனைப் பார்த்தால், "தம்பி, நல்லா இருப்பா, அல்லா ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்" என்பான்.

இதில் நெருப்பை அள்ளிப் போட்ட விஷயம் ஒன்று இருந்தது. திருவிழா டோர்னமெண்ட் ஃபைனலில் எங்களுக்கு எதிராக வந்தது ராமநாதபுரம். ராயனுக்கு எங்கள் டீமில் அதுதான் கடைசி மேட்ச். இன்றைக்கு எந்த டீமை எதிர்த்து ஆடுகிறானோ, அடுத்த வாரம் அதே டீமில் சேரப்போகிறான். "வேணும்னே தோத்துருவான், பாத்துக்கிட்டே இரு" என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்குச் சொன்னேன். ரீசார்ஜ் செய்ய வந்தவர்களுக்குச் சொன்னேன். வழி கேட்க வந்த டூரிஸ்ட் ஒருத்தருக்கும் சொன்னேன். அவர் இந்திக்காரர், தலையாட்டிவிட்டுப் போனார்.

சும்மா சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? போராட்டம் வேண்டாமா? கறுப்புக் கொடி என்றார் ஒருத்தர். திருவிழா நேரத்தில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன்:

"கத்த வேணாம், கலாட்டா வேணாம். மேட்ச் ஆரம்பிச்சதும் நம்ம எல்லாரும் வளையத்துக்குப் பின்னாடி வரிசையா நிக்கணும். அவனுக்கு முதுகைக் காட்டி நிக்கணும். அவன் என்ன ஆடினாலும் திரும்பக் கூடாது. அதப் பாத்து அவன் செத்துருவான்."

டீக்கடையே கைதட்டியது. சிக்கந்தர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். சத்தியம் செய்தவர்கள் அத்தனை பேர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் தெருவில் பார்த்தால் முறைக்கிறேன்.

மேட்ச் அன்றைக்கு மைதானத்தில் எள் போட இடமில்லை. சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். (மீதிப் பேர் எதிர்ப்பக்கம் நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்திருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.) விசில் ஊதியதும் ராணுவம் மாதிரி திரும்பி நின்றோம். மைதானமே 'ஓ' என்றது. எனக்குப் புல்லரித்தது.

முதுகைக் காட்டினால் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. எனக்கு நேர் எதிரே மதில் சுவர். அதில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ ஒரு பெரியவர், தெரிந்தவர் இல்லை. முழு மேட்ச்சும் நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் என்மேல் ஓர் அனுதாபம் இருந்தது.

பின்னால் பந்து தட்டுகிற சத்தம், ஷூ தேய்கிற சத்தம், திடீரென்று கூட்டம் கத்துகிற சத்தம். யார் போட்டது? ராயனா, அவர்களா? தெரியாது. கேட்கவும் கூடாது, போராட்டம்.

முதலில் விழுந்தது சிக்கந்தர்.

"மாப்ள, கழுத்து சுளுக்கிக்கிச்சு. லேசா இந்தப் பக்கம் திருப்புனாத்தான் சரியாகும்" என்றான்.

திருப்பினான். அதற்கப்புறம் அந்தக் கழுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. "அட அட அட!" என்று மட்டும் சத்தம் வந்தது.

இன்னொருத்தர் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். முன்பக்க கேமராவில் தோளுக்குப் பின்னால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"நான் எங்கப்பா திரும்புனேன்? என் மூஞ்சியத்தான் பாக்குறேன்" என்றார்.

ஒருத்தருக்கு இயற்கை உபாதை வந்தது. ஒருத்தர் தன் மகன் காணாமல் போய்விட்டான் என்று தேடப் போனார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இடைவேளை முடிந்து மறுபடி விசில் ஊதியபோது வரிசையில் நான் ஒரே ஒரு ஆள்தான் நின்றேன். வரிசை என்று அதைச் சொல்ல முடியாது.

பாக்கெட்டில் போன் அடித்தது. ஜெயந்தி. அவளும் எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"ஏங்க! போட்டான் பாருங்க, நடுக்கோட்டுல இருந்து! அம்மாடி! பாத்தீங்களா?"

"நான் எப்படிடி பாப்பேன்?"

"ஆமால்ல" என்று வைத்துவிட்டாள்.

அப்போதே நான் திரும்பியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இப்போது திரும்பினால், இவ்வளவு நேரம் நின்றது வீணாகிவிடாதா? எதிரே இருந்த பெரியவருக்கே என்மேல் மரியாதை போய்விடாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ராயன் வேண்டுமென்று தோற்கிற மாதிரியும் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. துரோகம் செய்கிறவன் ஒழுங்காகத் துரோகமாவது செய்ய வேண்டாமா?

கடைசி நிமிஷம். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம் என்பது கூட்டத்தின் முனகலிலிருந்து புரிந்தது. அவர்கள் ஆள் கையில் பட்டுப் பந்து வெளியே வந்தது. வந்தது எங்கே? நேராக உருண்டு என் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, எதிரே சுவரில் முட்டி நின்றது.

பின்னால் காலடிச் சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம்.

"அண்ணே, பந்து." ராயன்.

நான் அசையவில்லை.

"அண்ணே, நேரமாவுது, எடுத்துக் குடுங்க."

திரும்பிக் கொடுத்தால் போராட்டம் தோற்கும். கொடுக்காமல் நின்றால் என் ஊர் தோற்கும். என் அறிவுக்கு அந்த நேரத்தில் எட்டியது ஒன்றுதான். குனிந்தேன். பந்தை எடுத்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் பின்பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

என் வயசு, என் வயிறு, நான் கட்டியிருந்த வேட்டி, இது மூன்றையும் சேர்த்து நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானம் வெடித்தது. ராமநாதபுரத்து ஆட்கள் தரையில் உட்கார்ந்து சிரித்ததாகச் சொன்னார்கள். சிரிப்புக்கு நடுவில் ராயன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது:

"நல்ல பாஸுண்ணே."

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. விசில். ஷூ சத்தம். 'ஏ... ஏ...' என்று ஓர் இழுவை. அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்லாத ஓர் அமைதி. அந்த அமைதியில் என் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் திரும்பு திரும்பு என்று இழுத்தது. திரும்பவில்லை. பிறகு பாம்பன் பாலம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஜெயித்துவிட்டோம். ராயன் ஜெயிக்க வைத்துவிட்டான்.

அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வேப்பமரத்துக்கு மேலே போய் வளைந்து வந்தது என்கிறான் சிக்கந்தர். ஒற்றைக் கையால் போட்டான் என்கிறாள் ஜெயந்தி. ஒருத்தர், கண்ணை மூடிக்கொண்டு போட்டான் என்கிறார். வீடியோ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எடுத்த புண்ணியவான் ராயனை எடுக்கவில்லை. என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்து, அதையே பெரிதாக்கி எடுத்துக்கொண்டிருந்தான். பந்து வளையத்துக்குள் போகிற நேரத்தில் திரை முழுக்க நான்தான். மாவட்டமே அதைப் பார்த்தது. மஸ்கட்டிலிருந்து என் மச்சான் போன் செய்து, "மாமா, இங்கன எங்க ரூம்ல எல்லாருக்கும் ஒங்களத் தெரியும்" என்றான்.

கூட்டம் ராயனைத் தோளில் தூக்கியது. 'புள்ள பொழைக்கட்டும்' கூட்டமும், 'ஊரை விட்டுட்டானே' கூட்டமும் ஒன்றாகத்தான் தூக்கினார்கள். நான் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றேன். இனிமேல் எந்த முகத்தோடு திரும்புவது என்று தெரியவில்லை. அவன் இறங்கி, சுவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடத்தில் வந்து நின்றான். வேர்வை சொட்டியது. கண் சிவந்திருந்தது.

"கோவம் சரிண்ணே. பாத்திருக்கலாம்ல?"

துரோகி என்று சொல்ல வைத்திருந்தேன். எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வசனம். வாயைத் திறந்தேன்.

"ஏலே, எப்படிலே போட்ட?" என்றுதான் வந்தது.

அவன் சிரிக்கப் பார்த்தான். "காத்து கொண்டுபோய்ப் போட்டுச்சுண்ணே" என்றான். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கன மூடுன கோர்ட்டாம். கூரை போட்டதாம். காத்தே வராதாம்" என்றான்.

"அப்பறம் எதுக்குலே போற?" என்று கத்தினேன்.

"அய்யாவுக்கு மருந்து வாங்கணும்ல" என்றான்.

அதற்குமேல் நான் என்ன சொல்வது? இருந்தாலும் சொன்னேன். அதற்காகப் போயும் போயும் ராமநாதபுரத்துக்கா போவது என்று மறுபடி ஆரம்பித்தேன். ஜெயந்தி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் அவன் ராமநாதபுரத்துச் சட்டையோடு வந்து எங்களைத் தோற்கடித்தான். அதையாவது ஒழுங்காகப் பார்த்தேன், முன்வரிசையில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே. அவன் ஒவ்வொரு பந்து போடும்போதும் பாதி ஊர் கைதட்டியது, பாதி ஊர் அவர்களை அடிக்கப் போனது. சிக்கந்தர் இரண்டையும் செய்தான். கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று ஜெயந்தி சொல்வதை நம்பாதீர்கள். கொசு அடித்தேன்.

என் பேர் முருகேசன் என்பது இப்போது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் 'பாஸ் அண்ணன்'. வெளியூர்க்காரர்கள் நான் ஏதோ பெரிய முதலாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்த ஒரு லாபம்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு நின்றால், "மாமா, நீங்க ஒங்க பாணியில நில்லுங்க" என்கிறார்கள். என் மாமியாரே சொல்கிறார், வயசானவர், விட்டுவிடுகிறேன்.

திருவிழாவுக்கு லீவில் வரும்போதெல்லாம் ராயன் எங்கள் வீட்டுக்கு வராமல் போவதில்லை. நிலைப்படியில் குனிந்துகொண்டு அவன் நிற்பான். என் மகள் அவனைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்துவாள்:

"அப்பா, ராயன் மாமா வந்துட்டாங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!"