வெள்ளையில் ஒரு கைப்பிடி

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு பொருளை வெள்ளையாகச் செய்யத் தெரியவில்லை. பால் மஞ்சளடிக்கிறது. சோப்புக் கம்பெனிக்காரன் ஊரை ஏமாற்றுகிறான். துவைக்கத் துவைக்கச் சட்டை பழுப்பாகிறது. வெள்ளை என்று சொல்லி விற்ற வண்டிகூட ஏழே வருடத்தில் நிறம் திரும்பிவிட்டது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட ஆர்வோவுக்கு, வில் செய்யும் லூதரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இதுவா வெள்ளை?" மேப்பிள் கட்டையை மேசையில் போட்டார். "காப்பியில ஊறப்போட்டு எடுத்தியா?"

லூதரின் மஞ்சள் நாய் மேசைக்கடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"பெரியவரே, வில்லு கைப்பிடிக்கு இதைவிட வெளுத்த மேப்பிள் மிச்சிகன்லயே கிடையாது."

"அப்ப மிச்சிகனே கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

போன இலையுதிர் காலத்தில், காப்பி ஊற்றுவதற்காக வில்லை மரத்தில் சாய்த்து வைத்தார் ஆர்வோ. திரும்பினால் வில்லைக் காணோம். கைப்பிடி கறுப்பு, மரத்தோடு மரமாகிவிட்டது. இருட்டும்வரை தேடினார். கடைசியில் மைத்துனன் ரேமண்ட் வந்து, அவர் முழங்கைக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தான். குளிர்காலம் முழுக்க நீராவிக் குளியல் அறையில் எல்லோருக்கும் அதே சிரிப்புதான். வில்லை, அது கிடைத்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டார்; இனி வாங்கினால் தூரத்திலேயே கண்ணில் படுகிற வெள்ளைக் கைப்பிடிதான் என்று முடிவு செய்தார்.

வேட்டைக்காரர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள் வில்லோடு வந்து நிற்காதவனின், மானுக்காகப் பதுங்கியிருக்கும் மறைவிடம் அடுத்தவனுக்குப் போய்விடும். சதுப்பை ஒட்டிய ஆர்வோவின் இடத்தில் ரேமண்ட் இப்போதே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தானாம்.

"கைப்பிடியில வெள்ளை டேப் சுத்திக்கிட்டா என்ன?" என்றான் லூதர்.

"கால் ஒடிஞ்ச மாட்டுக்குக் கட்டுப் போட்ட மாதிரியா? மரமே வெள்ளையா வேணும்."

உள்ளே வெளுப்பாக இருக்கும் என்று லூதர் கட்டையை இழைத்தான். ஆர்வோ உதட்டைப் பிதுக்கினார். இன்னும் இழைத்தான். கடைசியில் அது குழந்தை கைக்குக்கூடப் பற்றாத சில்லாகிவிட்டது.

அடுத்த வாரம் ஆஷ் மரம்.

"இது மண்வெட்டிக் காம்பு. அதுவும் பழைய மண்வெட்டி."

லூதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மேப்பிள் கட்டையை எடுத்துக் கொடுத்தான். "வீட்டுக்குக் கொண்டுபோயி நல்ல வெளிச்சத்துல பாருங்க."

ஆர்வோ பார்க்கவில்லை, துணி வெளுக்கும் திரவத்தில் ஊறப்போட்டார். காலையில் கட்டை ஊதி, பிளந்து கிடந்தது. அதை வைத்திருந்த நீல மேசைவிரிப்பும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அது அவர் மனைவி ஹெல்மிக்கு அவளுடைய அம்மா கொடுத்தது.

"மரம் வெளுக்கலை, என் விரிப்பு வெளுத்துப்போச்சே!" என்று கத்தினாள் ஹெல்மி.

"எங்கடி வெளுத்துது? மஞ்சளாத்தானே இருக்கு! அந்தத் தண்ணியிலயும் கலப்படம்."

அன்று முதல் வீட்டில் அவருக்குச் சூடான சாப்பாடு நின்றுபோனது.

கடைசியாக லூதர் தெற்கிலிருந்து ஹாலி மரம் வரவழைத்தான். பார்சல் கொண்டுவந்த பெண் வாசலிலேயே நிற்க, பெட்டியைப் பிரித்தான்.

"இதுக்கு மேல வெள்ளைன்னா எலும்புதான் பெரியவரே. இன்னிக்கே ஒட்டினாத்தான் சீசனுக்கு வில்லு. இல்லேன்னா உங்க இடம் ரேமண்டுக்குத்தான்."

ஆர்வோ கட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பினார். பெருமூச்சு விட்டார்.

"வெண்ணெய் நிறம்."

லூதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் நாய் ஓடிப்போய்ப் பார்சல்காரியின் காலில் உரசியது. அவள் குனிந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அடப்பாவி, என் கறுப்புப் பேன்ட்டு பூரா வெள்ளை முடி! இப்படி ஒரு வெள்ளை வெளேர் நாயை நான் பார்த்ததே இல்லைப்பா."

லூதர் நாயைப் பார்த்தான். பிறகு ஆர்வோவைப் பார்த்தான்.

"பெரியவரே, இந்த நாய் என்ன நிறம்?"

"மஞ்சள். ஏன், உனக்குக் கண்ணு தெரியலையா?"

லூதர் எழுந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னான்: "டவுன்ல ஒரு கண் டாக்டர் இருக்காரு. கண்ணுல புரை விழுந்தா வெள்ளைகூட மஞ்சளாத்..."

"அவன் உனக்கு எவ்வளவு தர்றான்?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆர்வோ வெளியே நடந்தார். பின்னால் ரம்பம் ஓட ஆரம்பித்தது. எந்தக் கட்டையை அறுக்கிறானோ, எவனைக் கேட்டு அறுக்கிறானோ.

பால்காரன், சோப்புக்காரன், லூதர். இப்போது பார்சல்காரியும் கூட்டு. நாய் ஒன்றுதான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.